அழிப்பதா, அமிழ்த்துவதா, அடிக்குறிப்பு எழுதுவதா?

1994 அக்டோபரில், அமெரிக்காவின் புராடிஜி என்ற கணினிச் சேவையில், பணவிவகாரம் பேசும் ஒரு விவாதப் பலகையில், பெயர் தெரியாத ஒருவர் ஸ்டிராட்டன் ஓக்மாண்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று எழுதினார். நிறுவனம் புராடிஜி மீது 20 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1995 மே மாதம் நியூயார்க் நீதிமன்றம் ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தது. புராடிஜி ஆபாசச் சொற்களை வடிகட்ட மென்பொருள் வைத்திருக்கிறது, பலகைகளைக் கண்காணிக்க ஆள் வைத்திருக்கிறது, ஆகவே அது பத்திரிகை ஆசிரியரைப் போன்றது. அங்கே யார் எதை எழுதினாலும் அதற்கு அது பொறுப்பு என்றது. 1991இல் இதே போன்ற வழக்கில் காம்பியுசர்வ் என்ற போட்டிச் சேவை தப்பித்திருந்தது. காரணம், அது எதையும் படித்துப் பார்ப்பதில்லை. எனவே அது புத்தகக்கடைக்குச் சமம்.

தெருவைக் கூட்டுகிறவருக்கு அபராதம், கூட்டாதவருக்கு விடுதலை. இந்தக் கோணலை நிமிர்த்தத்தான் 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் 230ஆம் பிரிவு என்ற சட்டப் பிரிவைக் கொண்டுவந்தது. பிறர் எழுதியதற்குத் தளம் பொறுப்பாகாது, நல்லெண்ணத்தோடு சிலவற்றை நீக்கினாலும் அந்தப் பாதுகாப்பு போகாது என்பது அதன் சாரம். (வழக்குப் போட்ட ஸ்டிராட்டன் ஓக்மாண்டின் நிறுவனர் 1999இல் பங்கு மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெயர் தெரியாத அந்த மனிதர் ஒன்றும் இல்லாததை எழுதிவிடவில்லை.)

சட்டம் வழிவிட்ட பிறகு, எப்படிக் கூட்டுவது என்பதற்கு ஒவ்வொரு இணையச் சமூகமும் ஒவ்வொரு துடைப்பத்தைக் கண்டுபிடித்தது. தமிழ் இணையத்தில் இதற்கு மட்டுறுத்தல் என்று பெயர். ஒரு மட்டில் நிறுத்துவது என்று பொருள் வரும் அருமையான சொல். எந்த மட்டு, யார் நிறுத்துவது என்பதில்தான் சண்டை எல்லாம். நான்கு வழிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிடமும் நான் கேட்கப்போவது ஒரே கேள்வி: இங்கே ஒன்றை நீக்கினால், நீக்கப்பட்டது என்பதாவது தெரியுமா?

முதலாவது, அமிழ்த்துவது. 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் வசவுகளை அழிப்பதற்குப் பதிலாக ஆழத்தில் தள்ளியது. ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் மைனஸ் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு மதிப்பெண். கணக்கு இல்லாமல் எழுதுபவருக்கு ‘பெயரில்லாக் கோழை’ என்ற பொருளில் ஒரு பட்டத்தைத் தளமே சூட்டியது. அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பெயர் பதிந்தவருக்கு ஒன்று. மதிப்பெண் போடும் அதிகாரம் நிரந்தரமாக யாரிடமும் கிடையாது. தளத்தில் ஒழுங்காகப் புழங்குகிற வாசகர்களில் சிலருக்கு அவ்வப்போது ஐந்து புள்ளிகள் வந்து சேரும். மூன்று நாளுக்குள் செலவழிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். தான் வாய் திறந்த உரையாடல் இழையில் தானே மதிப்பெண் போட முடியாது. இதற்கும் மேலே, போட்ட மதிப்பெண் நியாயமானதா என்று வேறு வாசகர்களைக் கேட்கும் இன்னொரு அடுக்கு. வாசிப்பவர் தனக்கு வேண்டிய அளவைத் தானே வைத்துக்கொள்ளலாம்: நான்குக்கு மேல் மட்டும் போதும் என்பவருக்கு ஒரு சபை, மைனஸ் ஒன்றுவரை காட்டு என்பவருக்கு இன்னொரு சபை, இரண்டும் ஒரே பக்கத்தில்.

குடவோலையைப் போல அதிகாரம் சுற்றிச் சுற்றி வருவது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பிழையும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளிஃப் லாம்ப், பால் ரெஸ்னிக் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஏற்பாட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். நல்ல பின்னூட்டம் மேலே வருவதற்கு நேரமாகிறது. தாமதமாக வந்தவையும் குறைந்த மதிப்பெண்ணில் தொடங்கியவையும் உரிய கவனம் பெறுவதில்லை. தவறாகப் போட்ட மதிப்பெண் பல சமயம் திருத்தப்படாமலே போகிறது. பந்தியில் பிந்தி உட்கார்ந்தவருக்குப் பாயசம் கிடைக்காத கதை. என்றாலும், அங்கே தள்ளப்பட்ட சொல் அங்கேயே கிடக்கும். வேண்டுபவர் குனிந்து எடுத்துப் படிக்கலாம். 2007இல் வந்த ஹேக்கர் நியூஸ் இதையே சற்றுக் கறாராகச் செய்கிறது. அங்கே ‘செத்த’ பின்னூட்டங்களையும் காட்டு என்று ஒரு விருப்பத்தேர்வு உண்டு. அப்படிச் செத்ததை, இது நன்றாகத்தானே இருக்கிறது என்று பழைய உறுப்பினர் ஒருவர் பரிந்துரைத்து உயிர்ப்பிக்கவும் முடியும்.

இரண்டாவது, அழிப்பது. இதில் விஷயம் அதிகம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ரெடிட் 2005இல் தொடங்கியது. அது ஆயிரக்கணக்கான சிறு ஊர்களின் கூட்டம். ஒவ்வொரு ஊருக்கும் சம்பளமில்லாத நாட்டாமைகள், அவரவர் ஊருக்கு அவரவர் சட்டம். இந்த முறையின் உச்சியைப் பார்க்க விரும்புகிறவர் வரலாற்றுக் கேள்விகளுக்கான ஆஸ்க்ஹிஸ்டோரியன்ஸ் பகுதிக்குப் போகலாம். அங்கே நகைச்சுவைத் துணுக்கு நிற்காது, ஒற்றை வரிப் பதில் நிற்காது, ‘என் தாத்தா சொல்லுவார்’ நிற்காது. கடந்த 20 ஆண்டுகளுக்குள் நடந்ததைப் பற்றிக் கேட்கவே கூடாது. கேட்டால் சான்று தர முடிகிறவர்தான் பதில் எழுதலாம். 40 பின்னூட்டம் என்று எண்ணிக்கை காட்டும். உள்ளே போனால் வரிசையாக ‘நீக்கப்பட்டது’ என்ற கல்லறைகள். முதல் தடவை பார்ப்பவருக்கு எரிச்சல் வரும். பிறகு, அவற்றின் நடுவே ஒருவர் மத்தியகாலக் கப்பல்கள் பற்றி எழுதிய நான்கு பக்கப் பதிலைப் படித்தால் எரிச்சல் தணிந்துவிடும். இங்கே சுதந்திரம் குறைவு, பேச்சு அதிகம். இப்படி ஒரு நிலை சாத்தியம் என்பதைக் கருத்துச் சுதந்திரம் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை.

தடை செய்தால் வெறுப்பு வேறு இடத்தில் போய்க் கொப்புளிக்கும் என்று சொல்வார்கள். 2015இல் ரெடிட் நிர்வாகம் உடல்பருமன் உள்ளவர்களைக் கேலி செய்த ஒரு பகுதியையும் நிறவெறிப் பகுதி ஒன்றையும் மூடியது. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தினர் முன்நின்று 2017இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே புழங்கியவர்களைப் பின்தொடர்ந்தது. பலர் ரெடிட்டை விட்டே போய்விட்டார்கள். தங்கியவர்களின் வெறுப்புச் சொற்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. அவர்கள் குடியேறிய பிற பகுதிகளும் கெட்டுப்போகவில்லை. ரெடிட் என்ற ஊருக்குள் மூடல் வேலை செய்தது. விட்டுப் போனவர்கள் வெளியே என்ன செய்தார்கள் என்பது அந்த ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை. தடையை மெச்சுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

ரெடிட்டிடம் எனக்குள்ள உண்மையான பிணக்கு வேறு. அங்கே நாட்டாமை ஒரு பின்னூட்டத்தை நீக்கினால், அதை எழுதியவரின் திரையில் அது பத்திரமாக அப்படியே தெரியும். மற்றவர்களுக்குத்தான் தெரியாது. யாராவது அவரிடம் சொன்னால் உண்டு. அதுவரை, ஊரே படித்துவிட்டுப் பதில் சொல்ல முடியாமல் வாயடைத்து நிற்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். திட்டி வெளியே அனுப்புவதை நான் ஏற்றுக்கொள்வேன். ஒலிவாங்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பேசச் சொல்வதை ஏற்க முடியவில்லை. நீக்கியதற்குக் காரணம் எழுதினால் அந்த உறுப்பினரின் அடுத்தடுத்த பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்பு குறைகிறது என்று 2019இல் ரெடிட் பதிவுகளை வைத்தே ஓர் ஆய்வு காட்டியது. காரணம் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை, அது வேலையையும் குறைக்கிறது.

சம்பளமில்லாத நாட்டாமைக்கு அதிகாரம் எவ்வளவு என்பதும் 2023 ஜூனில் தெரிந்துபோனது. வெளிச் செயலிகளுக்குப் புதிதாகக் கட்டணம் விதித்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கான பகுதிகளை மட்டுறுத்துநர்கள் பூட்டினார்கள். திறக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்றது நிறுவனம். சாவி அவர்கள் கையில், வீடு வேறொருவருடையது.

மூன்றாவதை விரைவாகக் கடந்துவிடலாம்: வாசலில் உண்டியல் வைப்பது. 1999இல் தொடங்கிய மெட்டாஃபில்டர் என்ற விவாதத் தளம், 2004 முதல் புதிதாகச் சேர ஐந்து டாலர் கேட்டது. மட்டுறுத்தச் சம்பளத்துக்கு ஆள் வைத்தது. ஐந்து டாலர் போனாலும் பரவாயில்லை என்று திட்ட வருபவர்கள் குறைவு. சிறிய, வயதான, ஓரளவு நாகரிகமான கூட்டம் அமைந்தது. ஆனால் அந்த ஐந்து டாலர் எல்லா நாட்டிலும் ஒரே எடை இல்லை. தூத்துக்குடியில் ஒரு கல்லூரி மாணவர் கருத்துச் சொல்வதற்கு அன்று 200 ரூபாய்க்கு மேல் கட்டியிருக்க வேண்டும். அதற்கான அட்டையும் வேண்டும்.

நான்காவது, அடிக்குறிப்பு எழுதுவது. ட்விட்டர் 2021 ஜனவரியில் தொடங்கி, பின்னர் கம்யூனிட்டி நோட்ஸ் என்று பெயர் மாற்றிய முறை இது. பதிவை நீக்காமல், அதன் கீழே பயனர்களே விளக்கக் குறிப்பு எழுதுகிறார்கள். வெறும் பெரும்பான்மை வாக்கால் குறிப்பு வெளியே வந்துவிடாது. வழக்கமாக எதிரெதிராக வாக்களிப்பவர்கள் இருதரப்பிலிருந்தும் ‘இது உதவியது’ என்று சொன்னால்தான் வரும். கட்சி கட்டிக்கொண்டு வருகிறவர்களைத் தடுக்க நான் கண்ட மிக நேர்த்தியான வழி இதுதான். 2025 ஜனவரியில் மெட்டா நிறுவனமும் அமெரிக்காவில் வெளியார் உண்மைச் சரிபார்ப்பைக் கைவிட்டு இந்த வழிக்கு வருவதாக அறிவித்தது.

ஆனால் இது பொய்க்கு மருந்து, வசவுக்கு ஆகாது. வேறொரு ஊரின் வெள்ளப் படத்தைச் சென்னை என்று போட்டால் கீழே குறிப்பு எழுதலாம். ஒரு பெண்ணின் படத்தைப் போட்டுச் சாதி சொல்லித் திட்டுகிறவனுக்குக் கீழே என்ன குறிப்பு எழுதுவது? ‘இந்தப் பதிவில் சொல்லப்பட்ட வசவு ஆதாரமற்றது’ என்றா? பொய்க்குமே, இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும்வரை குறிப்பு காத்திருக்கும். அதற்குள் பொய் ஊரைச் சுற்றி வந்து உட்கார்ந்திருக்கும். தமிழ் வலைப்பதிவுகள் செழித்த காலத்தில் ‘அனானி’களின், அதாவது பெயர் சொல்லாதவர்களின், வசவுக்கு அஞ்சி எழுதுவதையே நிறுத்திக்கொண்ட பெண்கள் உண்டு. அவர்களை யாரும் தடை செய்யவில்லை. எதையும் நீக்காத இடத்திலும் குரல்கள் நீக்கப்படுகின்றன. அவற்றைக் கணக்கு வைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் தேர்வு: பொய்க்கு அடிக்குறிப்பு, சளசளப்புக்கு அமிழ்த்தல், ஆளைக் குறிவைத்த வசவுக்கு அழித்தல். எந்த அழித்தலுக்கும் தழும்பு இருக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் இந்தத் தழும்பு விஷயத்தில் இரண்டு நாக்கால் பேசுகிறது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது; தளங்களும் நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் நீக்க வேண்டிய கட்டாயம் என்று, பிறர் எழுதியதற்குத் தளங்களைப் பொறுப்பாக்காத 79ஆம் பிரிவுக்கு விளக்கம் சொன்னது. அதே சட்டத்தின்கீழ் வந்த 2021 விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள பெரிய தளங்கள் தாமாக ஒன்றை நீக்கும்போது காரணத்தைப் பயனருக்குச் சொல்லி, மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் அரசே 69ஏ பிரிவின்கீழ் முடக்கச் சொன்னால், அந்த நடவடிக்கை ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது 2009 முடக்க விதிகளின் 16ஆம் விதி. கம்பெனி காரணம் சொல்ல வேண்டும். அரசு சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு நானும் ஒரு நிர்வாகி. உறுப்பினர் எழுதியதற்கு நிர்வாகி என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2021இல் சொன்னது எங்களுக்கெல்லாம் ஆறுதல். அதன் பிறகு வாட்ஸ்அப் நிர்வாகிகளுக்கு எல்லோருடைய செய்தியையும் அழிக்கும் வசதி தந்தது. அழித்த இடத்தில், நிர்வாகி இன்னார் அழித்தார் என்று பெயரோடு ஒரு வரி நிற்கும். அந்த வரியை வடிவமைத்தவருக்கு ஒரு கும்பிடு.

போன வருடம், பராமரிப்புக் கட்டண பாக்கி பற்றி ஒரு பெரியவர் எழுதியதில், ஒரு குடும்பத்தின் பெயரையும் அவர்கள் வீட்டுக் கடன் கதையையும் சேர்த்திருந்தார். அழித்தேன். என் பெயர் அங்கே நின்றது. இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசி.

“தம்பி, நீங்கள்தானா அழித்தது?”

“ஆமாம் சார்.”

“ஏன்?”

சொன்னேன். இருபது நிமிடம் ஆயிற்று. பாதி நேரம் அவர்தான் பேசினார். சங்கக் கணக்கைப் பற்றி அவர் கேட்ட இரண்டு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலை அதே செய்தியை, குடும்பத்தின் பெயர் இல்லாமல், அந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்து மறுபடியும் போட்டார். செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதையும் அழிக்கச் சொன்னார். நான் அழிக்கவில்லை.