ஜி-இன்ஃபோ: பழைய டைகர் மாத் விமானத்தோட பூர்வீகத்தை தேட அருமையான சர்வீஸ்

பழைய விமானம்னா உயிரை விடறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது உள்ள போய் பாக்க வேண்டிய சைட் இது. பிரிட்டனோட சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி நடத்துற விமானப் பதிவு ரெஜிஸ்டர், பத்து பைசா கட்ட வேண்டாம், நான் குரோம்பேட்டைல வீட்ல உக்காந்து மொபைல்லயே பாத்தேன். அஞ்சுக்கு நாலரை தாராளமா குடுப்பேன்.

இங்கிலாந்துல இருக்கற என் பொண்ணு ஒரு சின்ன ஏரோடிராம்ல டைகர் மாத்ல (பைலட் ட்ரெயினிங்குக்கு ஓட்டின பழைய ரெட்டை அடுக்கு இறக்கை விமானம்) ஒரு ரவுண்டு போயிட்டு வந்து போட்டோ அனுப்பியிருந்தா, பக்கவாட்டுல ஜி-ல ஆரம்பிக்கிற பிரிட்டன் ரெஜிஸ்ட்ரேஷன் எழுத்து பளிச்சுன்னு தெரிஞ்சுது, அதை அப்படியே ஜி-இன்ஃபோல போட்டேன். வருஷம், மாடல், தயாரிப்பு நம்பர் எல்லாம் வந்துச்சு. அதுக்கும் கீழ முந்தின அடையாளம்ங்கற இடத்துல ஒரு ராயல் ஏர்ஃபோர்ஸ் நம்பர், பக்கத்துலயே விடி-ன்னு தொடங்குற ஒரு எழுத்து! விடி-ன்னா நம்ம நாட்டு ரெஜிஸ்ட்ரேஷன். அந்த விமானம் இந்தியாவுல பறந்துட்டு திரும்பப் போயிருக்கு, பாத்ததும் எனக்கு புல்லரிச்சுப் போச்சு.

இங்கதான் நிறைய பேர் குழம்புவாங்க. எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு தேடாதீங்க, தயாரிப்பு நம்பரைப் பிடிங்க. டிஎன் 22 வண்டிய வெளி மாநிலத்துல விக்கும்போது நம்பர் பிளேட் மாறும், சேஸிஸ் நம்பர் மாறாதுல்ல, அதே கதைதான். 1931 அக்டோபர் 26ல முதல் தடவை பறந்த இந்த ரகத்துல எட்டாயிரத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, ரெண்டாம் உலகப் போர் நேரத்துல இங்கிலாந்துல கவ்லில இருந்த மோரிஸ் கார் கம்பெனியே ஆயிரக்கணக்குல செஞ்சுது. ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா, இந்தியான்னு பைலட் ட்ரெயினிங் நடந்த இடமெல்லாம் போச்சு, நம்ம ஏர்ஃபோர்ஸ்லயும் பெங்களூர் எச்ஏஎல்லோட எச்டி-2 ட்ரெயினிங் விமானம் வர்றதுக்கு முன்னாடி பசங்க இதுலதான் கத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு நாட்டுலயும் புது எழுத்து, அதனால எழுத்தை மட்டும் வெச்சுக்கிட்டு தேடினா பாதி வழியில நின்னுடுவீங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஸ்கேன் பண்ணி போட்டிருக்கற பழைய ரெஜிஸ்டர் பக்கங்கள். 1919ல ஆரம்பிச்ச ரெஜிஸ்டர் அது, பழைய பக்கங்கள்ல ஓனர் பேரு, பதிவு பண்ண தேதி, எப்ப நீக்கினாங்க, ஏன் நீக்கினாங்க எல்லாம் இருக்கும், விபத்தா இல்ல வெளிநாட்டுக்கு வித்தாச்சான்னு ஒரே வரியில முடிச்சிருப்பாங்க. அந்த கையெழுத்தைப் பாக்கவே ஒரு மணி நேரம் போயிடும்.

ஆனா வித்தாச்சுன்னு எழுதினதோட அந்த ரெஜிஸ்டர் வேலை முடிஞ்சுது, அப்புறம் அது எங்க பறந்துச்சுன்னு அந்தந்த நாட்டு ரெஜிஸ்டர்லதான் தேடணும். போர்க்கால கதை வேணும்னா ராயல் ஏர்ஃபோர்ஸோட ஃபார்ம் 78ன்னு ஒரு கார்டு இருக்கு, எந்த யூனிட்ல இருந்து எந்த யூனிட்டுக்கு எந்த தேதில போச்சுன்னு அதுல போட்டிருப்பாங்க, கப்பல்ல ஏத்தி அனுப்பின விமானம்னா பல சமயம் அதோட நின்னுடும். இன்னொண்ணு, பழசை சரி பண்ணும்போது ஒண்ணோட பாடியும் இன்னொண்ணோட இறக்கையும் சேத்து மாட்டறது சகஜம், அதனால ரெக்கார்டுல இருக்கற வரலாறு முழு விமானத்துக்கும் பொருந்தும்னு நினைச்சுடாதீங்க.

என் நண்பர் ஒருத்தர் வேற ஒரு சைட்ல "முழு ஹிஸ்டரி ரிப்போர்ட்"னு காசு கட்டி வாங்கினாரு, வந்தது இந்த ஃப்ரீ பக்கத்துல இருக்கறதேதான், ஒரு வரி கூட எக்ஸ்ட்ரா இல்ல. அந்த மாதிரி இடத்துல காசைக் கொட்டாதீங்க.

யாராவது நேர்ல டைகர் மாத் பக்கத்துல போற வாய்ப்பு கிடைச்சா, காக்பிட்ல தயாரிப்பு நம்பர் போட்டிருக்கற தகட்டைத்தான் முதல்ல போட்டோ எடுங்க, செல்ஃபி அப்புறம். மீனம்பாக்கத்துல மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்ல கத்துக்கிட்ட தாத்தா, பெரியப்பா யாராவது உங்க வீட்ல இருந்திருந்தா அவங்க லாக் புக்கை பேப்பர்காரர் கிட்ட போட்டுடாதீங்க ப்ளீஸ், ஒவ்வொரு வரியிலயும் விமானத்தோட விடி எழுத்தும் தேதியும் இருக்கும், அதை ஸ்கேன் பண்ணி வைங்க.