பொதுப் பதற்றக் கோளாறா, ஓசிடியா?

இரண்டிலும் மனம் ஓயாது. ஓடும் விதம்தான் வேறு.

பொதுப் பதற்றக் கோளாறில் கவலை வேலை, பணம், உடல்நலம் என்று தாவிக்கொண்டே இருக்கும். குறைந்தது 6 மாதம் நீடிக்கும். தூக்கம் கெடும், தசை இறுகும்.

ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயில் வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப நுழையும். அதை அடக்கக் கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது, மனதுக்குள் ஒன்று, இரண்டு என எண்ணுவது. செய்ததும் சற்று நிம்மதி. அப்புறம் அதே எண்ணம். சுத்தம் பார்ப்பவர்களை எல்லாம் 'ஓசிடி' என்பது எனக்கு வருத்தம் தருகிறது. தன் குழந்தைக்குத் தானே தீங்கு செய்துவிடுவோமோ என்று நடுங்கும் தாய்க்கும் அது இருக்கலாம்.

மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு 2013-இல் வந்தது; அது ஓசிடியைப் பதற்றக் கோளாறுகளிலிருந்து பிரித்தது. சிகிச்சையிலும் வேறுபாடு உண்டு: ஓசிடிக்கு, பயத்தை எதிர்கொண்டபடியே, கை கழுவுவது போன்ற அந்தச் செயலைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி முக்கியம். "ஒன்றும் ஆகாது" என்று ஓயாமல் ஆறுதல் சொல்வதுகூட ஓசிடியை வளர்த்துவிடும்.