மொட்டைமாடித் தூசி: ஜாடியா, வேஸ்லின் தகடா?

தூத்துக்குடியில் எங்கள் மாடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் சாயங்காலம் கரும்புள்ளியோடுதான் எடுக்க வேண்டும். எவ்வளவுதான் விழுகிறது என்று பார்த்துவிட, வேஸ்லின் பூசிய தகடு, அடியில் தண்ணீர் ஊற்றிய திறந்த ஜாடி என இரண்டு வழிகளையும் முயன்றேன். இப்போது மாடியில் நிற்பது ஜாடி.

வேஸ்லின் தகட்டில் பெரிய வேலை இல்லை. கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகப் பூசி ஒரு நாள் வைத்து, மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டியதுதான். நிலக்கரி கறுப்புச் சில்லாகத் தெரியும், நிலக்கரிச் சாம்பல் குட்டிக் கண்ணாடி உருண்டைகளாக மின்னும். என்ன விழுகிறது என்று அறிய இதுவே போதும். எவ்வளவு என்று கேட்டால்தான் காலை வாரிவிடும். தகடு 75க்கு 25 மி.மீ.; சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் விழுந்தால்கூட ஒரு வாரத்தில் அதில் சேர்வது 3 மில்லிகிராமுக்கும் குறைவு. மே வெயிலில் வேஸ்லினே உருகி வழிந்துவிட்டது, எதை நிறுப்பது?

ஜாடி 15 செ.மீ. வாய், 30 செ.மீ. உயரம். அதே தூசி 30 நாளில் இதில் 100 மில்லிகிராமைத் தாண்டும், ஆய்வகத் தராசுக்கு அது தாராளம். அடியில் தண்ணீர் இருப்பதால் விழுந்தது காற்றில் திரும்பப் பறக்காது.

என்னை ஜாடி பக்கம் சாய்த்ததும் அந்தத் தண்ணீர்தான். இது கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊர். காற்றில் வருவதில் உப்பு எவ்வளவு, கரி எவ்வளவு என்று பிரிக்காவிட்டால் கணக்கே தப்பு. ஜாடியில் உப்பு கரைந்துவிடும். வடிகட்டினால் கரியும் மண்ணும் தாளில் நிற்கும். வடிந்த நீரை வற்றவைத்தால் உப்பு தனியாக வரும். முதல் மாதம் குழாய்த் தண்ணீரை ஊற்றி, நானே உப்பைப் போட்டு நானே நிறுத்தேன். அப்புறம்தான் காய்ச்சி வடித்த நீருக்கு மாறினேன். பாசி பிடிக்காமல் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொஞ்சம் போட வேண்டும். அதே அளவு துத்தம் கரைத்த நீரைத் தனியே வற்றவைத்து, அந்த எடையைக் கழிக்க வேண்டும். கோடையில் வாரம் இரண்டு முறை ஏறி, நீர் குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். காக்கை விளிம்பில் உட்காராமலிருக்க மேலே ஒரு கம்பி வளையம்.

நுரையீரலுக்குள் போகும் நுண்தூசியை இரண்டும் சரியாகச் சொல்லாது. 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) துகள் நொடிக்கு 3 மி.மீ. அளவில் இறங்கும், 1 மைக்ரான் அதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மெதுவாக. அதைப் பிடிக்கக் காற்றை உறிஞ்சும் கருவிதான் வேண்டும்.

மழைக்காலத்தில் ஜாடி எப்படி என்று கேட்காதீர்கள், ஜனவரி முதல் செப்டம்பர் வரைதான் வைத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அன்று வைத்திருந்தால் மூன்று ஜாடி மழை.