கரை ஏறும் பாரம்: இரு சக்கர டிப்பர், நான்கு சக்கர டிரெய்லர், பிக்கப்

குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் பாபநாசம், வலங்கைமான் பக்கத்து உழவர்களிடையே தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. வயலில் அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக இரு சக்கர டிப்பரைப் பூட்டுவதா, நான்கு சக்கர டிரெய்லரைப் பூட்டுவதா, இரண்டையும் விட்டுவிட்டு ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்குப் பிடிப்பதா? கேட்பவர் பெரும்பாலும் தம் டிராக்டரின் குதிரைத்திறனைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டு, குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு மாலைப் பொழுது முழுவதையும் இழந்தேன்.

அன்று என்னிடம் இருந்தது 35 குதிரைத்திறன் டிராக்டர். பின்னால் நான்கு சக்கர டிரெய்லர். அதில் நான்கு டன் உதிரி நெல். வயலிலிருந்து கரைச் சாலைக்கு ஏறும் சரிவு, பத்தடி போனால் ஓரடி உயரும் அளவுக்குத்தான் இருக்கும். முதல்நாள் இரவு மழை பெய்திருந்தது. பாதிச் சரிவில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் சிறிதும் திணறவில்லை. பின்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன. டயர்க் கட்டைகளின் இடைவெளியில் களிமண் அப்பி அடைத்துக்கொள்ள, சற்று நேரத்தில் டயர் வழவழப்பான உருளைபோல் ஆகிவிட்டது. ஓட்டிவந்தவர் இறங்கி வந்து, “அண்ணே, வண்டிக்குத் தெம்பு இருக்கு, பிடிதான் இல்ல” என்றார். உதிரி நெல்லைச் சாக்குகளில் அள்ளி, பாதிக்கு மேல் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டு சேர்த்து, சரிவில் வைக்கோலைப் பரப்பிய பிறகே வண்டி ஏறியது.

அவர் சொன்னதை எண்ணில் வைத்துப் பார்த்தால் விளங்கும். டிராக்டர் 1.8 டன், வெறும் டிரெய்லர் 1.5 டன், நெல் 4 டன் என்று கொண்டால் மொத்தம் 7.3 டன். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இந்தப் பாரத்தை ஏற்றுவதற்கு மட்டும் 730 கிலோ இழுவை வேண்டும். மண்ணில் சக்கரம் உருளும் தடையையும் சேர்த்து 900 கிலோ என்றே வைத்துக்கொண்டாலும், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 17 குதிரைத்திறன் போதும். எஞ்சினிடம் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. ஆனால் டிராக்டரின் எடையில் பின்சக்கரங்களின் மேல் நிற்பது ஏறக்குறைய 1,170 கிலோ. ஈரக் களிமண்ணில் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கே இழுவையாக மாறும், அதாவது 390 கிலோ. சரிவு ஏறும்போது பாரம் சற்றுப் பின்னுக்குச் சாய்வதால் இது கொஞ்சம் கூடும் என்றாலும், 730-ஐ எட்டாது. 35-க்குப் பதிலாக 50 குதிரைத்திறன் எஞ்சினை அதே எடையுள்ள வண்டியில் வைத்திருந்தாலும், சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்றிருக்குமே தவிர வேறொன்றும் நடந்திருக்காது.

நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தன் சக்கரங்களிலேயே ஏந்திக்கொள்ளும். இரு சக்கர டிப்பர் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதன் அச்சு நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி அமைந்திருப்பதால், பாரத்தின் ஒரு பகுதி கொக்கியின் வழியாக டிராக்டரின் பின்சக்கரங்களின் மேல் இறங்குகிறது. ஒரு டன் டிப்பரில் மூன்று டன் நெல் ஏற்றி, மொத்த நான்கு டன்னில் 15 விழுக்காடு கொக்கியில் அமர்ந்தால் 600 கிலோ கூடுதலாகக் கிடைக்கும். 2 டன் எடையுள்ள 45 குதிரைத்திறன் டிராக்டரில் பின்பாரம் 1,300 கிலோவிலிருந்து 1,900 ஆகிறது. ஈரக் களிமண்ணிலும் 630 கிலோ இழுவை கைக்கு வருகிறது. மொத்தம் 6 டன்னுக்குச் சரிவு மட்டும் கேட்பது 600. உருளும் தடைக்கு வேண்டியதைச் சரிவில் பின்னுக்குச் சாயும் பாரம்தான் ஈடுகட்ட வேண்டும். மயிரிழையில்தான் ஏறுகிறது, ஆனாலும் ஏறிவிடுகிறது. வெளிநாடுகளில் பிக்கப்பின் பின்னால் தங்கும் வண்டிகளை இழுத்துச் செல்பவர்களும் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் அமர வேண்டும் என்ற இதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டாமல் இருப்பதற்கு, நமக்குச் சேற்றில் பிடி கிடைப்பதற்கு.

இந்த நன்மைக்கு விலையும் உண்டு. நெல்லைப் பெட்டியின் முன்பக்கமாகக் குவித்துவிட்டால் கொக்கிப் பாரம் அளவுக்கு மீறி, முன்சக்கரங்கள் மண்ணைத் தொட்டும் தொடாமலும் உருளும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். பின்பக்கமாகக் குவித்தால் கொக்கி மேலே தூக்கி, இருந்த பிடியும் போகும். அறுவடை இயந்திரம் நெல்லைக் கொட்டும்போது ஓட்டுநர் இறங்கி நின்று பார்க்காத இடங்களில்தான் இந்தக் கோளாறு நேர்கிறது.

நான்கு சக்கர டிரெய்லரைப் பழிப்பது என் நோக்கமன்று. தார்ச்சாலையில் அதற்கு நிகரில்லை. ஐந்து டன்னை நிதானமாக ஏந்துகிறது. கொள்முதல் நிலைய வாசலில் வரிசை நீளும்போது, கழற்றிவிட்டு டிராக்டரை மட்டும் அடுத்த வேலைக்கு ஓட்டிப் போகலாம். இரு சக்கர டிப்பரைப்போல் முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய ஆறரை ஏக்கர் நிலத்தில், ஏக்கருக்கு இரண்டு டன் என்று குறைத்து வைத்தாலும் 13 டன் நெல் வரும். நான்கு சக்கரத்துக்கு அது மூன்று நடை, மூன்று டன் டிப்பருக்கு ஐந்து நடை, 1.7 டன் ஏற்றும் பிக்கப்புக்கு எட்டு நடை.

பிக்கப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேகமாகப் போகும், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்து கிளம்பும்போது திணறாது. ஆனால் அது ஈர வயலுக்குள் இறங்காது. பெரும்பாலானவற்றில் கொட்டும் வசதி இல்லாததால் நெல்லைச் சாக்கில் பிடித்து ஏற்றி, நிலையத்தில் அவிழ்த்துக் குவித்து, அங்கே மறுபடி 40 கிலோ சாக்குகளில் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூலியை வாடகையோடு சேர்த்துப் பார்த்த பிறகு நான் நெல்லுக்கு அதை அழைப்பதில்லை. எட்டு நடையை ஆறாக்க நினைத்து அதிகம் ஏற்றினால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. நம் பக்கத்து டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் கிடையாது. டிராக்டருக்கோ பொதுவாகப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக். நான்கு சக்கர டிரெய்லர் இறக்கத்தில் ஆறரை டன்னாகப் பின்னாலிருந்து தள்ளும்போது, 1.8 டன் வண்டியின் பின்சக்கரங்கள் வழுக்கினால், கொக்கி இருக்கும் இடத்தில் வண்டி மடிந்துகொள்ளும். வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்த இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்க மறந்தால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து அதே கதிதான்.

இவற்றையெல்லாம் பார்த்து, குறுவைக்கு 45 குதிரைத்திறன் வண்டியில் இரு சக்கர டிப்பரை மூன்று டன்னுக்கு மேல் ஏற்றாமல் பூட்டுகிறேன். தரை காய்ந்திருக்கும் தை, மாசியின் சம்பா, தாளடி அறுவடைக்கும் வயலிலிருந்து கரைவரை அதே டிப்பர்தான். தார்ச்சாலையில் நிறுத்திய நான்கு சக்கர டிரெய்லருக்கு அங்கே நெல்லை மாற்றிக்கொள்கிறோம். அதை இழுப்பதற்கு 2.2 டன் எடையுள்ள பக்கத்து வீட்டு 50 குதிரைத்திறன் வண்டி வருகிறது. அதை ஓட்டுபவர், நான் கேட்பதற்கு முன்பே, குனிந்து இரண்டு பெடல்களையும் சேர்த்துத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.