சர்வீஸுக்குக் கொடுத்த இரண்டு சிலிண்டர், மாறி வந்த இரண்டு வால்வு

ஸ்கூபா சிலிண்டரை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள், திரும்ப வாங்கும்போது அங்கேயே வால்வின் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்ன பிளக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் பார்க்கவில்லை.

என்னிடம் இரண்டு சிலிண்டர்கள். ஒன்று அலுமினியம், தோளில் 3ஏஎல்3000 என்று முத்திரை (முன்பகுதி சிலிண்டரின் வகை, கடைசி எண் பி.எஸ்.ஐ. கணக்கில் வேலை அழுத்தம்). இன்னொன்று பழைய ஸ்டீல், 3ஏஏ2400, சோதனைத் தேதிக்குப் பக்கத்தில் கூட்டல் குறி. இரண்டுக்கும் 5 ஆண்டு ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) கெடு முடியும் சமயம். டெஸ்ட், வால்வு சர்வீஸ், புது பர்ஸ்ட் டிஸ்க் (அந்த பிளக்குக்குள் இருக்கும் மெல்லிய தகடு, அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து காற்றை வெளியே விடும்) என்று மூன்றையும் சொல்லித்தான் கொடுத்தேன். பில்லிலும் மூன்றும் தனித்தனியாக இருந்தன.

வாங்கும்போதே ஒன்று உறுத்தியது. ஸ்டீல் சிலிண்டரின் வால்வுக் கைப்பிடியில் அடையாளத்துக்காக நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். அந்தப் புள்ளி இப்போது அலுமினிய சிலிண்டரின் மேல் இருந்தது. கேட்டேன். “இரண்டுக்கும் ஒரே மரைதான் சார், எதில் எதைப் போட்டாலும் பொருந்தும்” என்றார் கவுன்டரில் இருந்தவர். கைப்பிடியை மாற்றிப் போட்டிருப்பார்கள் போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து, நல்ல வெயிலில் நின்ற காரின் பின்கதவைத் திறந்து ரெகுலேட்டர் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பத்தடி நடந்திருப்பேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் காது கிழியும் சீறல். அலுமினிய சிலிண்டர் தன் காற்று முழுவதையும் காருக்குள் கொட்டித் தீர்த்தது. காருக்குள் யாரும் இல்லை, சிலிண்டரும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. இப்போதைய பிளக்குகளில் காற்று பல பக்கமும் பிரிந்து போகும்படி துளை இருப்பதால்தான் அப்படி. பழங்காலத்து ஒற்றைத் துளை பிளக்காக இருந்திருந்தால் சிலிண்டர் சும்மா கிடந்திருக்காது.

வேறொரு டெக்னீஷியனிடம் இரண்டையும் கொண்டுபோனேன். முதலில் ஸ்டீல் சிலிண்டரையும் காலி செய்தார். அழுத்தம் இருக்கும்போது அந்த பிளக்கில் ஸ்பானர் வைக்கவே கூடாது. பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிளக்கைச் சுற்றி உப்பும் பச்சைக் களிம்பும் அப்படியே படிந்திருந்தன. ஸ்பானர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. கழற்றினால், வெடித்த டிஸ்க் பூ இதழ் மாதிரி கிழிந்து கிடந்தது. வெடிக்காத மற்றதிலோ தட்டையாக இருக்க வேண்டிய செம்புத் தகடு பல வருட அழுத்தத்தில் குமிழ் மாதிரி வெளியே தள்ளியிருந்தது. அதாவது, டிஸ்க் மாற்றவே இல்லை. பில் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

அதோடு போயிருந்தால்கூட இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். கழுவும்போது இரண்டு வால்வும் இடம் மாறியிருக்கின்றன.

கணக்கு இதுதான். இந்த இரண்டு வகை சிலிண்டரிலும் சோதனை அழுத்தம் என்பது வேலை அழுத்தத்தைப் போல 5/3 மடங்கு. 3000 பி.எஸ்.ஐ. சிலிண்டருக்கு 5000, 2400-க்கு 4000. டிஸ்க் கிழிவதற்குக் குறித்த அழுத்த அளவு சிலிண்டரின் சோதனை அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. குறித்த அளவில் 90 முதல் 100 சதவீதத்துக்குள் அது கிழிய வேண்டும். என் அலுமினிய சிலிண்டரில் உட்கார்ந்திருந்தது 4000 டிஸ்க், புதிதாக இருந்தாலே 3600-இல் கிழிய உரிமை உள்ளது. 200 பார் (சுமார் 2900 பி.எஸ்.ஐ.) அளவில் நிரப்பிய சிலிண்டரில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 0.7 பார் (சுமார் 10 பி.எஸ்.ஐ.) ஏறும். மூடிய காரின் சூட்டில் 3000 என்பது சுலபமாக 3300-ஐத் தாண்டிவிடும். களைத்துப்போன பழைய தகடு அதற்கு மேல் தாங்கவில்லை.

சத்தம் போட்டது அந்த சிலிண்டர். எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது சத்தமே போடாத ஸ்டீல்தான். அதன் சோதனை அழுத்தமே 4000. அதில் இருந்த டிஸ்க் 5000. நிரப்புகிறவர் அசந்துபோய் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போயிருந்தால், உடம்பு தாங்கும் என்று சோதித்த எல்லையைத் தாண்டிய பிறகும் டிஸ்க் பேசாமல் இருந்திருக்கும். கூட்டல் குறி இருப்பதால் 10 சதவீதம் கூட்டி 2640 வரை நிரப்பலாம், அது விதிப்படி சரி. ஆனால் அந்தச் சலுகைக்கே நிபந்தனை, டிஸ்க் அந்த சிலிண்டரின் சோதனை அழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்பது. ஐரோப்பிய வால்வுகள் பலவற்றில் இந்த டிஸ்க்கே கிடையாது, அது தனி ஏற்பாடு. டிஸ்க்கை நம்பி அமைத்த சிலிண்டரில் தப்பான டிஸ்க் இருப்பது வேறு விஷயம்.

பில்லையும் கிழிந்த தகட்டையும் எடுத்துக்கொண்டு முதல் இடத்துக்கே போனேன். “பழைய சிலிண்டர் சார், இப்படி ஆகும்” என்றார்கள். கழற்றிய பழைய டிஸ்க்குகளைக் காட்டுங்கள் என்றதும் தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். என் கையில் இருந்தது எது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில் பெரிய மனது பண்ணி ஒரு யோசனை சொன்னார்கள்: இரண்டு டிஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தருகிறோம், இனிமேல் வெடிக்கவே வெடிக்காது! ஃபியூஸ் போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றும் வேலை. வாதாடாமல் சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புது டெக்னீஷியன் வால்வுகளை இடம் மாற்றி, அந்தந்த வால்வுக் கம்பெனியின் டிஸ்க், வாஷர், பிளக் மூன்றையும் ஒரே செட்டாகப் போட்டுக் கொடுத்தார். ஒரு கம்பெனி தகட்டை இன்னொரு கம்பெனி பிளக்கில் வைத்தால் கிழியும் அளவு மாறிவிடுமாம். பிளக்கில் போடும் குறி கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், புரியாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். கழற்றிய தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். இவர் கேட்காமலே ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்.

கைப்பிடியை யாரும் மாற்றிப் போட்டுவிடலாம் என்பதால், இந்தத் தடவை சிவப்புப் புள்ளியை வால்வின் உடம்பிலும், அதற்கு நேர் கீழே சிலிண்டரின் கழுத்திலும் வைத்திருக்கிறேன்.