தள்ளு விதைப்பு மெஷின்: விதைக்க ஓகே, உரப்பெட்டி வேஸ்ட்

தீவன மக்காச்சோளம் போடுறதுக்குன்னே இந்த ஒத்தை வரிசை தள்ளு மெஷினை வாங்கி ரெண்டு போகம் ஓட்டியாச்சு, அதனால தைரியமா சொல்றேன், விதைக்க நல்லா இருக்கு, உரம் போட மட்டும் இதை நம்பாதீங்க.

வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. வெச்சா சதுர மீட்டருக்கு 22 செடி வரணும். மொத தடவை மெஷின்ல மாட்டியிருந்த ரோலரோட (குழில விதையை எடுத்து கீழ விடுற உருளை) அப்படியே ஓட்டிட்டேன், முளைச்சப்புறம் டேப் புடிச்சு 3 மீட்டர் எண்ணுனா 20 இருக்க வேண்டிய இடத்துல 31 நிக்குது! குழி பெருசு, தட்டை விதை ரெண்டு ரெண்டா விழுந்திருக்கு. சின்னக் குழி ரோலர் பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு, நான்தான் பாக்கல. அதை மாட்டுனதும் 19, 20ன்னு கரெக்டா வந்துச்சு. சேறா இருக்குற மூலையில மட்டும் சக்கரம் உருளாம வழுக்கிட்டே போகுது, அங்க வரிசை பொக்கை வாய் மாதிரி ஆயிடுச்சு, கையிலதான் ஊனுனேன்.

நெருக்கமா விழுந்த எடத்துல தண்டு விரல் தண்டிதான், அடி இலை சீக்கிரமே காஞ்சு, ஒரு காத்துக்கே சாஞ்சிருச்சு. அதுக்காக தானியத்துக்குப் போடுற மாதிரி 60 செ.மீ. போயிடாதீங்க, ஒவ்வொரு செடியும் பாக்க ஜம்முன்னு இருக்கும், அறுத்து எடை போட்டா கம்மி, தண்டும் முரடாகி மாடு இலையை மட்டும் உருவிட்டு தண்டை ஒதுக்கிடும்.

உரப்பெட்டிதான் தலைவலி. விதைக்கும் உரத்துக்கும் மண்ணைக் கீறி விடுற கொழு ஒண்ணே ஒண்ணுதான், யூரியா விதை மேலயே விழுது, பட்டா முளைப்பு போச்சு. போதாக்குறைக்கு யூரியா ஈரத்தை இழுத்து கட்டி தட்டிடும், சும்மா சும்மா நிறுத்தி குச்சி விட்டுக் குத்தணும். வாங்குன எடத்துல கேட்டா "காஞ்ச உரமா போடுங்கண்ணே"ங்கறாங்க, காஞ்ச உரத்துக்கு நான் எங்க போறது.

இப்போ கையிலதான் போடுறேன். யூரியால 46 சதம்தான் தழைச்சத்து, ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து வேணும்னா 130 கிலோ யூரியா, பாதி அடியுரமா, பாதி களை எடுத்துட்டு 30ஆம் நாள் மேலுரமா. போட்ட கையோட தண்ணி விட்டுடணும், இல்லன்னா அமோனியாவா பறந்துடும். ஒரு ரெண்டு வரிசைக்கு மேலுரம் விட்டுப்போச்சு, கொஞ்ச நாள்ல அடி இலை நுனியில ஆரம்பிச்சு நடுநரம்பு வழியா மஞ்சள் உள்ள ஏறிடுச்சு, தூரத்துலேருந்தே எந்த வரிசைன்னு சொல்லலாம். அதுக்குன்னு அள்ளிக் கொட்டவும் கூடாது, வறட்சி நேரத்துல அந்தத் தழைச்சத்து நைட்ரேட்டா அடித்தண்டுல தங்கி மாட்டுக்கே விஷமாயிடும்.

5க்கு 3.5 தரலாம். பெட்டியைக் கழட்டிப் போட்டுட்டேன், மெஷின் இப்போ தள்ளவும் லேசா இருக்கு.