எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட்: எந்தப் படம் எதைக் காட்டும்?

உடற்கூறியலும் உடலியங்கியலும் படிக்கத் தொடங்குகிற பலரிடம் ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. எக்ஸ்ரே கீழ்ப்படி, சி.டி. நடுப்படி, எம்.ஆர்.ஐ. உச்சிப்படி, அல்ட்ராசவுண்ட் கர்ப்பிணிகளுக்கானது. இந்தப் படிக்கட்டை முதலில் மறந்துவிடுவது நல்லது. ஒவ்வொரு கருவியும் திசுவின் வெவ்வேறு குணத்தை அளக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு திசுக்கள் எந்தக் குணத்தில் வேறுபடுகின்றனவோ, அந்தக் குணத்தை அளக்கிற கருவிதான் அங்கே ஜெயிக்கும். கருவியின் விலையும் வயதும் அதற்கு அப்புறம்தான்.

எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்வோம். 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜென் கண்ட அதே கதிர்தான் இன்றும். உடம்புக்குள் நுழைந்து, உறிஞ்சப்பட்டது போக மிச்சம் மறுபக்கம் வந்து விழுகிறது. மென்திசுவில் மிகுதியாக இருப்பவை ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன். அணு எண் 1, 6, 8. எலும்பில் இருக்கும் கால்சியத்துக்கு 20. அணு எண் ஏற ஏற உறிஞ்சுவதும் மளமளவென்று கூடும் என்பதால் எலும்பு வெள்ளையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் தெரிகின்றன. ஆனால் இதயத் தசையும் அதற்குள் ஓடும் ரத்தமும் எக்ஸ்ரேக்கு ஒன்றுதான். நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்தின் வெளிக்கோடு மட்டும் தெரிவதும், உள்ளே உள்ள நான்கு அறைகள் தெரியாததும் இதனால்தான். இன்னொரு குறை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவது. இதயத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கட்டி அந்த வெள்ளைக்குள் மறைந்துபோகலாம். அதற்காகவே சில சமயம் பக்கவாட்டிலும் ஒரு படம் எடுக்கிறார்கள்.

சி.டி. ஸ்கேனிலும் கதிர் மாறவில்லை. சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் அளந்து, கணினி கணக்குப் போட்டு ஒவ்வொரு குறுக்குவெட்டையும் கட்டுகிறது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு செய்த கருவியில் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. ஒன்றின்மேல் ஒன்று விழும் தொல்லை இதில் தீர்ந்தது. அதைவிடப் பெரிய லாபம், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கிடைத்தது. தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கொழுப்பு ஏறக்குறைய கழித்தல் 100. மூளைத் திசு 30, 40 என்ற அளவில் இருக்கும். உறைந்த புது ரத்தம் 60, 70 வரை போகும். அவ்வளவு சின்ன வித்தியாசத்தையும் சி.டி. பிரித்துக் காட்டிவிடும்.

இந்த இடத்தில்தான் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் நேருக்கு நேர் மோதுகின்றன. பக்கவாதம் வந்து ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா? இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ரத்தக்கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சி.டி.யில் கசிந்த ரத்தம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். எடுக்க ஆகும் நேரமும் சில நிமிடங்கள்தான். அடைப்பாக இருந்தாலோ, முதல் சில மணி நேரத்தில் சி.டி. படம் சாதாரண மூளையைப் போலவே இருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. இங்கே செய்வதைப் புரிந்துகொள்ள உடலியங்கியல் வேண்டும். ரத்தம் நின்றதும் நரம்புச் செல்லுக்கு ஆற்றல் தீர்ந்துபோகிறது. சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்த பம்பு நிற்கிறது. சோடியம் உள்ளே தேங்க, தண்ணீரும் அதன் பின்னாலேயே போக, செல் வீங்குகிறது. செல்களுக்கு வெளியே தாராளமாக அலைந்துகொண்டிருந்த நீர் மூலக்கூறுகள் இப்போது செல்களுக்குள் நெருக்கடியில் மாட்டிக்கொள்கின்றன. எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படம் அளப்பது இந்த அலைச்சலைத்தான். அலைச்சல் குறைந்த இடம் வெள்ளையாக ஒளிரும், அதுவும் அடைப்பு ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே. செல்சவ்வில் இருக்கும் ஒரு பம்பு நின்றுபோனதை மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் பிரமிப்புதான். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் முதலில் எடுப்பது சி.டி.தான். அங்கே உடனடியாகத் தெரியவேண்டியது ரத்தம் கசிந்ததா இல்லையா என்பது; அதைச் சி.டி. வேகமாகச் சொல்லிவிடுகிறது.

எம்.ஆர்.ஐ. அளப்பது உடம்பில் உள்ள ஹைட்ரஜனின் காந்த நடத்தையை. அது பெரும்பாலும் நீரிலும் கொழுப்பிலும் இருக்கிறது. வழக்கமான 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. அந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கரு ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு அசைந்து கொடுக்கும். திரும்பப் பழைய நிலைக்கு வர ஒவ்வொரு திசுவும் வெவ்வேறு நேரம் எடுத்துக்கொள்ளும். முழங்காலில் இதன் அருமை தெரியும். எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ.யில் அதே இடைவெளிக்குள் குருத்தெலும்புப் படலம், கறுப்பு முக்கோணமாக மெனிஸ்கஸ் என்ற மெத்தைபோன்ற குருத்தெலும்பு, சாய்வாகப் போகும் கறுப்புப் பட்டையாகச் சிலுவைத் தசைநார் எல்லாம் வந்துவிடும். கெட்டியான எலும்பின் மேலோட்டில் அசையக்கூடிய ஹைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் அது இதில் கறுத்துப்போகும். நொறுங்கிய எலும்பின் துண்டுகள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்க்க சி.டி.தான் சரி.

அல்ட்ராசவுண்டைத்தான் மாணவர்கள் ரொம்பக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மென்திசுவில் ஒலி நொடிக்கு சுமார் 1,540 மீட்டர் போகும், 1 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோ நொடி. எதிரொலி வர ஆன நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது கருவி. காற்றும் எலும்பும் ஒலியை மறித்துவிடும், எனவே காற்று நிறைந்த நுரையீரலின் உட்புறமும் மண்டையோட்டுக்குள் இருப்பதும் இதற்குச் சரிவராது. ஆனால் பித்தப்பைக் கல்லில் இது சி.டி.யையே தோற்கடிக்கும். கொலஸ்டிரால் கல்லின் அடர்த்தி பித்தநீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால் சி.டி. அதைத் தவறவிடலாம். அல்ட்ராசவுண்டில் கறுப்பான பித்தநீருக்கு நடுவே வெள்ளையாக ஒரு கல், அதன் பின்னால் நீளமாக ஒரு நிழல். நோயாளி புரண்டு படுத்தால் கல்லும் உருளும். உருளாமல் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அது சதை வளர்ச்சியாக இருக்கலாம். வெறும் வயிற்றில் வரச் சொல்வதற்கும் காரணம் உடலியங்கியலில் இருக்கிறது. கொழுப்பு உணவு குடலுக்குள் போனதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருக்கிவிடும். சுருங்கிய பைக்குள் கல்லைத் தேடுவது கஷ்டம்.

கல் சிறுநீர்க்குழாயில் இருந்தால் கதை தலைகீழ். குடலில் இருக்கும் காற்று ஒலியை மறித்துவிடும், சி.டி. அநேகமாக எல்லாக் கற்களையும் காட்டிவிடும்.

பெட் ஸ்கேன் இந்த வரிசையில் தனி. கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த குளூக்கோஸை ஊசியில் செலுத்தி, எந்தத் திசு அதை அதிகம் இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது. அந்த ஃபுளோரினின் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். மூளை எப்போதும் ஒளிரும்; வெளியேறும் வழியில் சிறுநீர்ப்பையும் ஒளிரும். இரண்டும் இயல்பு. உறுப்புகளின் எல்லை இதில் மங்கலாக இருப்பதால் பெரும்பாலும் சி.டி.யோடு சேர்த்தே எடுக்கிறார்கள்.

கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு அதிகம் போனால் 0.1 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வயிற்றுச் சி.டி.க்கு 8 முதல் 10 வரை. இயற்கையிலிருந்தே நாம் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 வாங்கிக்கொள்கிறோம். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர் கிடையாது. ஆனால் எம்.ஆர்.ஐ. காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். கண்ணில் இரும்புத் துகள் பட்டவர்களும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

படிப்பதற்கு எது? உடற்கூறியலுக்கு என் ஓட்டு சி.டி. குறுக்குவெட்டுக்கே. படுத்திருப்பவரின் காலடியில் நின்று பார்ப்பதுபோல் அதை வைப்பது வழக்கம் என்பதால் கல்லீரல் படத்தின் இடப்பக்கம் இருக்கும். இது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. உடலியங்கியலுக்கு அல்ட்ராசவுண்ட், அதிலும் இதய வால்வு திறந்து மூடுவதைக் கண்ணெதிரே காட்டும் எக்கோ. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் படத்தின் நிறங்களில் மட்டும் ஏமாறாதீர்கள். சிவப்பு, நீலம் என்பது தமனி, சிரையைக் குறிப்பதில்லை. ரத்தம் கருவியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைத்தான் குறிக்கிறது.

எம்.ஆர்.ஐ.யைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே வெட்டு அளக்கும் முறையைப் பொறுத்து நிறம் மாறும். டி1, டி2, ஃபிளேர் என்பவை அப்படிப்பட்ட முறைகள். மூளைப் படம் கையில் கிடைத்ததும் நடுவே உள்ள நீர் அறைகளைப் பாருங்கள். நீர் வெள்ளையென்றால் டி2. கறுப்பென்றால் டி1 ஆகவோ ஃபிளேர் ஆகவோ இருக்கும். டி1 படத்தில் வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி) சாம்பல்பொருளைவிட (நரம்புச் செல்கள் நிறைந்த பகுதி) வெளுப்பாகவும், ஃபிளேரில் அதைவிடக் கறுப்பாகவும் தெரியும்.